சஹனில் அவள் பக்கம்

காரைக்காலில் நெய்ச்சோறு என்றால் நூகு பண்டாரிதான். ஆனால் நூகு பண்டாரியின் வீட்டில் மட்டும் நெய் வாசனை வராது.

பண்டாரி என்றால் விருந்துச் சமையல்காரர். கல்யாணமோ கந்தூரியோ, நல்ல நாள் குறித்ததும் முதலில் நூகுவின் வீட்டுக்குத்தான் ஆள் வரும். தேங்காய்ப்பாலும் நெய்யும் ரம்பை இலையும் கூடிக் கொதிக்கிற வாசனை மண்டபத்துச் சுவரேறிக் குதித்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும் என்று சேக் அலாவுதீன் அளந்துகொண்டிருப்பார். அவர் நூகுவின் கூட்டாளி. கறி வெட்டுவது, வெங்காயம் அரிவது, அடுப்புக்கு விறகு தள்ளுவது எல்லாம் அவர் பொறுப்பு. வேலை தொடங்கும் முன் நூகு எல்லாக் கத்திகளையும் வாங்கி, ஒவ்வொன்றின் விளிம்பிலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். மொட்டைக் கத்தி கறியை வெட்டாது, நசுக்கும் என்பது அவர் கட்சி.

“பொஞ்சாதி கையக்கூட இவ்வளவு பதவிசாத் தொட்டிருக்க மாட்டீருங்கனி” என்பார் சேக் அலாவுதீன்.

வேலை முடிந்து வீடு திரும்பினால் நூகு முன்வாசல் வழியாக நுழைய மாட்டார். பக்கத்துச் சந்தில் புகுந்து கொல்லைக்குப் போவார். குழாயடியில் கைலியையும் சட்டையையும் கழற்றி சோப்புத் தண்ணீரில் முக்கிப் போட்டு, தலை முழுகி, நகத்திடுக்கு வரைக்கும் சீயக்காய் போட்டுத் தேய்த்து, கொடியில் காயும் வேறு கைலியைக் கட்டிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். இவ்வளவுக்கும் பிறகு உள்ளேயிருந்து மகள் நுஸ்ரத்தின் குரல் வரும்.

“இன்னைக்கு ரம்பை இலை கம்மி வாப்பா. கிராம்பு கூட.”

ஒருநாள்கூட அவள் சொன்னது தப்பியதில்லை. வாயில் வைக்க முடியாததை எல்லாம் அவள் மூக்காலேயே சாப்பிட்டு வளர்ந்தவள்.

அவள் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு பெருநாள் மதியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். சூட்டுவலி என்று வெந்தயம் கொடுத்தார்கள். கண்ணேறு என்று தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். இப்படியே இன்னும் இரண்டு தடவை வந்தபின் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே சோதனைக்கூடத்தில் தேவிகா என்றொரு பெண் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். குரும்பகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். பிள்ளையின் ரத்தம் இருந்த டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மெஷினில் வைக்கவே முடியவில்லை என்று வெளியே வந்து சொன்னாள். நூகு அதைப் பார்க்க வேண்டுமென்றார். ஸ்டாண்டில் நின்ற டியூபின் அடியில் ரோஜா நிறம். மேலே கெட்டியாக வெள்ளை ஆடை. ஆறிப்போன தாளிச்சாக் குழம்பின் மேல் நெய் உறைந்து நிற்குமே, அப்படி. வாழ்நாள் முழுக்கப் பாத்திரங்களில் பார்த்த காட்சியை மகளின் ரத்தத்தில் பார்த்துவிட்டு நூகு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து பத்தியம். எண்ணெய் கிடையாது, நெய் கிடையாது, தேங்காய் கிடையாது. கறியின் பக்கமே போகக் கூடாது. அவர் மனைவி கமருன்னிசா தாளிப்புக் கரண்டியைத் தூக்கிப் பரணில் போட்டாள். இட்லி, தேங்காய் போடாத புட்டு, வேகவைத்த கிழங்கான் மீன், முட்டையின் வெள்ளை, கஞ்சி என்று அந்த வீட்டு அடுப்பு ஆவியிலேயே குடித்தனம் நடத்தியது. பள்ளிக்கூடத்தில் யாரோ கொடுத்த, எண்ணெயில் பொரித்த இறால் வாடாவை ஆசைக்குத் தின்றுவிட்டு, ஒரு வாரம் நரம்பில் குளுக்கோஸ் ஏறப் படுத்துக்கிடந்த பிறகு நுஸ்ரத்தும் அடங்கிவிட்டாள்.

அடங்காதது ஒன்றுதான். சஹன்.

அந்தப் பக்கத்து முஸ்லிம் விருந்துகளில் ஆளுக்கொரு இலை போடுவதில்லை. சஹன் என்கிற பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவரவர் எதிரே இருப்பது அவரவர் பக்கம். நல்ல துண்டாகப் பார்த்து எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவது அன்பு. இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் போதுமென்று கையை எடுத்துவிட்டால் மற்ற மூவரும் எடுத்துவிடுவார்கள். அதனால் வயிறு நிரம்பினவரும் மற்றவர்களுக்காகக் கையைத் தட்டிலேயே வைத்து மெல்லக் கொறித்துக்கொண்டிருப்பார்கள். ஊரில் எத்தனை விருந்துக்குப் போயிருந்தும் நுஸ்ரத் ஒரு சஹனில் உட்கார்ந்ததில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன டப்பாவைத் திறந்து ஓரமாகச் சாப்பிடுவாள். பண்டாரி வீட்டுப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரிச் சோறா என்று யாராவது கேட்டால், சமைக்கிறவர் வீட்டில் யாராவது ஒருத்தர் உயிரோடு இருக்க வேண்டாமா என்று திருப்பிக் கொடுப்பாள்.

இப்போது அவள் பட்டப்படிப்பு முடித்து, தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். இந்த நேரத்தில்தான் நூகுவின் அக்கா ஜொஹரா தன் மகன் ஜவஹர் அலிக்கு அவளைக் கேட்டு வந்தாள். ஜவஹர் அலிக்கு குவைத்தில் வேலை. சின்ன வயதிலிருந்தே நுஸ்ரத்தின் வாய்த்துடுக்கில் அவனுக்கு ஒரு கண். வேண்டாமென்று சொல்ல நூகுவுக்குக் காரணமில்லை. ஜொஹராவுக்குத்தான் ஒரு கவலை இருந்தது. இப்படிப்பட்ட உடம்பில் பிள்ளை உண்டானால் தாங்குவாளா? அதை மட்டும் டாக்டரிடம் தெளிவாகக் கேட்டுச் சொல்லிவிடு தம்பி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேவிகா இப்போது மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தாள். அங்கே டாக்டர் நவநீதன் என்பவர் ரத்தக் கொழுப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நூகு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். நாம் சாப்பிடுகிற கொழுப்பு ரத்தத்தில் கலந்ததும் அதைத் துண்டு துண்டாக்கி உடம்புக்குக் கொடுக்கிற நொதி ஒன்று உண்டு. லைப்பேஸ் என்று பேர். இந்தப் பெண்ணுக்கு அது சுரக்கவே இல்லையோ என்று சந்தேகம். அது தெரிந்தால்தான் பிள்ளைப்பேற்றைப் பற்றி ஏதும் சொல்ல முடியும்.

நூகுவுக்குச் சட்டென்று பிடிபட்டது.

“கத்தி மாதிரிங்களா?”

“அப்படியே வெச்சுக்குங்க” என்றார் டாக்டர்.

அது இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வெளிநாட்டிலிருந்து எலைசா கிட் வந்திருந்தது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பைகளுக்கு நடுவே வந்ததைப் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்கள். ஆராய்ச்சிக்கு மட்டும், நோயைத் தீர்மானிக்க அல்ல என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருந்தது. தேவிகா அதிலிருந்த தட்டைக் காட்டினாள். உள்ளங்கை அகலத்தில் கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் தட்டு. பணியாரச் சட்டியை எறும்புகளுக்குச் செய்த மாதிரி அதில் வரிசை வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் அந்த நொதியை மட்டும் பிடித்துக்கொள்கிற மருந்து பூசியிருக்கும். ரத்தத்தின் தெளிவை ஊற்றி, கழுவி, இன்னொரு மருந்து ஊற்றினால் மஞ்சள் நிறம் ஏறும். நொதி எவ்வளவு சிக்கியதோ அவ்வளவு நிறம்.

நொதி ரத்தக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்குமாம். அதனால் முதலில் ஒரு ஊசி போட்டு, அது கழன்று ரத்தத்தில் வந்த பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள். சட்டியில் அடிப்பிடித்ததை வெந்நீர் ஊற்றிக் கிளப்புகிற மாதிரி என்று நூகு தனக்குள் சொல்லிக்கொண்டார். எல்லாமே அவருக்குச் சமையலாகப் புரிந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

ரத்தம் எடுத்தபின் உடனே முடிவு தெரியாது என்றாள் தேவிகா. ஒருத்தருக்காகத் தட்டைப் பிரிக்க முடியாது. குழிகள் நிறைகிற அளவுக்கு ஆட்களின் ரத்தம் சேர்ந்தால்தான் ஓட்டுவார்கள்.

“பாத்தீங்களா வாப்பா, என்னையும் ஒரு சஹன்ல உக்கார வெக்கிறாங்க” என்று நுஸ்ரத் சிரித்தாள். “ஆனா இங்கயும் தனிக் குழிதான்.”

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அரசலாறு கலங்கி ஓடியது. விறகு நனைந்து, விருந்து வீடுகளில் நூகுவும் சேக் அலாவுதீனும் தார்ப்பாய்க்கு அடியில் புகையைக் குடித்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். அப்படி ஒரு நிக்காஹ் வேலையின் நடுவில், சோற்றுச் சட்டியைத் தம்மில் போட்டு மூடியின் மேல் கங்கு அள்ளிக்கொண்டிருந்தபோது தேவிகாவின் போன் வந்தது. நூகு கையைத் துடைத்துக்கொண்டு மண்டபத்தின் பின்தாழ்வாரத்துக்கு ஓடினார். மழைச் சத்தம் இருந்தது. ஆனாலும் அவள் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவருக்குத் தவறவில்லை. அதை அவர் பிறகு எந்தக் காலத்திலும் மறுக்கவும் இல்லை.

“பாய், நுஸ்ரத்தோட குழியில நல்லா மஞ்ச ஏறியிருக்கு. இருக்கு பாய். மத்தவங்களுக்கு எவ்வளவு இருக்கோ அவ்வளவு இருக்கு.”

“கத்தி இருக்குங்கிறீங்க?”

“இருக்கு. ஆனா இந்த கிட் எவ்வளவு இருக்குன்னுதான் சொல்லும். வேல செய்யுதான்னு சொல்லாது. அதுக்கு வேற டெஸ்ட்டு, வெளியூருக்கு அனுப்பணும். சார் திங்கக்கெழமதான் வர்றாரு. அதுவரைக்கும் சாப்பாட்டுல எதையும் மாத்தாதீங்க. நான் இத போன்ல சொன்னதே தப்பு பாய். காத்துக்கிட்டிருப்பீங்களேன்னுதான்.”

“சரி தங்கச்சி” என்றார் நூகு.

அன்று விருந்து முடிந்ததும் அவர் சந்துக்குள் திரும்பவில்லை. முன்வாசல் வழியாக, நனைந்த கைலியோடும் நெய் வாசனையோடும் உள்ளே போய் நின்றார். கமருன்னிசா முறத்தில் பருப்புக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குளிக்காமல் வந்து நிற்கிறவரைப் பார்த்து அவளுக்குத் திக்கென்றது.

“இருக்காம்” என்றார் நூகு.

மீதியைச் சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் கமருன்னிசாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷமாக அந்த முகத்தில் ஒரு இறுக்கம் இருந்தது அவருக்கு அது இளகும்போதுதான் தெரிந்தது. முறம் சரிந்து பருப்பு தரையில் ஓடியது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த அழுகை முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நின்றார். அழுகை முடிந்ததும் அவள் போனை எடுத்து ஜொஹராவைக் கூப்பிட்டுவிட்டாள். ஜொஹரா அந்தப் பக்கம் அல்ஹம்துலில்லா சொன்ன சத்தம் போனுக்கு வெளியே கேட்டது. லீவு முடிந்து ஜவஹர் அலி ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறான், வெள்ளிக்கிழமையே வந்து பேசி முடித்துவிடுகிறோம் என்றாள். தேவிகா சொன்ன திங்கட்கிழமை இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

நூகு தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். படித்தவர்கள் எதற்கும் ஒரு ‘ஆனா’ போடுவார்கள். மருந்துச் சீட்டில்கூட நாலு பயமுறுத்தல் அச்சடித்திருக்கும். அதையெல்லாம் பார்த்தால் யார் மருந்து சாப்பிடுவது?

நுஸ்ரத் டியூஷன் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்த அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“வாப்பா, தேவிகாக்கா அவ்வளவுதான் சொன்னாங்களா?”

“அவ்வளவுதாம்மா.”

“பத்தியத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?”

“கத்தி இருக்கும்மா. இருக்கிற கத்தி வெட்டாம எங்க போவுது?”

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேவிகாவின் நம்பர் அவளிடமும் இருந்தது. அவள் கூப்பிடவில்லை. “அப்ப சரி” என்று எழுந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர்கள் வருவதாக ஏற்பாடு. நூகு விடிந்ததுமே கொல்லையில் செங்கல் அடுக்கி அடுப்பு கூட்டினார். மழை அன்று விட்டிருந்தது. சேக் அலாவுதீன் அழைக்காமலேயே அரிவாள்மனையோடு வந்து சேர்ந்தார். நூகு வழக்கம்போல் கத்திகளை வாங்கிக் கட்டைவிரலால் பார்த்தார். ஒன்று மழுங்கியிருந்தது. அதைத் துணிதுவைக்கிற கல்லில் தீட்டித் திருப்பிக் கொடுத்தார். ஊரானுக்குச் சமைக்கும்போது இவ்வளவு மெனக்கெட்டிருப்பாரா என்பது சந்தேகம். வெங்காயத்தைத் தானே அரிந்தார். தேங்காய்ப்பால் மூன்று தடவை பிழிந்தார். நெய் உருகிப் பட்டையும் ஏலமும் பொரிந்து ரம்பை இலை விழுந்ததும் வாசனை குப்பென்று எழும்பியது. அந்த வீட்டு அடுப்பில் பல வருஷம் கழித்து நெய் வாசனை. பக்கத்து வீட்டுக்காரி மதில் வழியாக எட்டிப் பார்த்து, என்ன விசேஷம் நானா என்று நூகுவிடம் கேட்டாள். பரணிலிருந்து தாளிப்புக் கரண்டி இறங்கியது.

நுஸ்ரத் அடுக்களை வாசற்படியில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன கம்மி, சொல்லு பாப்போம்” என்றார் நூகு.

“இன்னைக்கு மூக்கால சொல்ல மாட்டேன் வாப்பா. வாயால சொல்லுறேன்.”

ஆண்களுக்கு முன்அறையில் சஹன் வைத்தார்கள். பெண்களுக்கு உள்அறையில். நுஸ்ரத்தை நடுவில் உட்காரவைத்து அந்தப் பக்கம் ஜொஹரா, இந்தப் பக்கம் ஜொஹராவின் மூத்த மருமகள், எதிரே அவர்கள் வீட்டுப் பெரியம்மா ஒருத்தி. கமருன்னிசா பரிமாறினாள். நூகு அடுப்படியிலேயே இருந்துகொண்டார். திரைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு அவருக்குக் கேட்டது. முதல் கவளத்துக்குப் பிறகு நுஸ்ரத் ஒன்றும் பேசவில்லை. ஏம்மா பிடிக்கலியா என்று மருமகள் கேட்டாள். இல்லை அக்கா, பேசினா வாசன வெளிய போயிடும் என்று நுஸ்ரத் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள்.

“இந்தா, இந்த நல்லித் துண்டு ஒனக்கு. எங்க வூட்டுக்கு வந்தா டெய்லி இப்படித்தான், ஒடம்பப் பாரு குச்சியாட்டம்” என்று ஜொஹரா கறியைத் தள்ளிவிட்டாள்.

“போதும் மாமி.”

“நீ கைய எடுத்தா நானும் எடுத்துருவேன், பாத்துக்க. காலைலேருந்து பச்சத்தண்ணிதான் குடிச்சிருக்கேன்.”

நுஸ்ரத் கையை எடுக்கவில்லை.

விருந்து முடிந்து சஹன்கள் கொல்லைக்கு வந்தன. திரும்பிவரும் தட்டைப் பார்த்தே விருந்தின் கதையைச் சொல்லிவிடுகிறவர் நூகு. யார் பக்கம் சோறு மலைபோல் நிற்கிறது, யார் கறியை மட்டும் பொறுக்கினார்கள், யாருக்கு உப்புக் கரித்தது என்பதெல்லாம் அவருக்குத் தட்டு சொல்லும். உள்அறைச் சஹனில் ஜொஹராவின் பக்கம் பாதி மிச்சம். பெரியம்மாவின் பக்கம் எலும்பு. நுஸ்ரத்தின் பக்கம் மட்டும் தகடு தெரியத் துடைத்து எடுத்திருந்தது. விரல் ஓடிய கோடுகள் நெய்யில் பளபளத்தன. நூகு அந்தத் தட்டைக் கழுவப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். இத்தனை வருஷம் சமைத்ததில் அவருக்கு அந்த ஒரு தட்டுதான் கூலி மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் மிஞ்சிய சோற்றைச் சுடவைத்துத் தாளிச்சா ஊற்றிச் சாப்பிட்டாள். ஜொஹரா கொண்டுவந்த, நெய் சொட்டும் தம்ரூட் இனிப்பில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். மதியம் டியூஷன் பிள்ளைகளை இன்று வேண்டாம் என்று அனுப்பினாள். சாயங்காலம் முழங்காலை வயிற்றோடு ஒட்டிவைத்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து கமருன்னிசா என்னடி என்று கேட்டாள். பழக்கமில்லாத வயிறு உம்மா, சரியாகிடும் என்றாள். நூகுவுக்கு அந்த உட்காரும் விதம் தெரியும். மூன்றாம் வகுப்புப் பெருநாளில் சுருண்டு விழுமுன் அவள் அப்படித்தான் உட்கார்ந்தாள். தெரிந்தும் அவர், சீரகத்தண்ணீர் வைத்துக் கொடு என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜவஹர் அலி விமானத்துக்குக் கிளம்புமுன் சொல்லிக்கொள்ள வந்தான். நுஸ்ரத் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று தலையாட்டினாள். கார் தெருமுனை திரும்பியதும் அப்படியே கதவோடு சரிந்தாள். வாந்தி நிற்கவில்லை. வலி முதுகைத் துளைத்துக்கொண்டு போனதில் அவளுக்குக் குரல்கூட வரவில்லை.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தேவிகாவையே கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். அவள் ஊசியில் ஏறியதைப் பார்த்தாள். இந்தத் தடவை அதில் ரோஜா நிறம்கூட இல்லை. தண்ணீர் கலக்காத பால். அவள் டியூபை மூடிக்கொண்டு வெளியே வந்தபோது கமருன்னிசா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இருக்குன்னு சொன்னியேம்மா. ஒன் பேச்ச நம்பித்தானே எம் புள்ளைக்கி ஊட்டுனோம். நீயும் ஒரு பொண்ணுதானே. பொய் சொல்ல ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

தேவிகாவின் முகம் வெளிறியது. சுவரோரம் நின்ற நூகுவைத்தான் பார்த்தாள்.

“பாய்... நான் சொன்னேன்ல?”

நடையில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் ஒன்று உருண்டு போனது. நூகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“சொன்னீங்க தங்கச்சி.”

கமருன்னிசா அவர் பக்கம் திரும்பினாள். “என்ன சொன்னா?”

“வேல செய்யுதான்னு இது சொல்லாதுன்னாங்க. பத்தியத்த மாத்தாதீங்கன்னாங்க.”

அவள் கத்தவில்லை. பிடித்திருந்த தேவிகாவின் கையை மெல்ல விட்டாள். பிறகு நடையின் கடைசியில் போட்டிருந்த பெஞ்சுக்குப் போய், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை டாக்டர் நவநீதன் வந்தார். ஆராய்ச்சி முடிவைப் போனில் சொன்னதற்காகத் தேவிகாவை எல்லார் முன்னாலும் வைத்துத் திட்டினார். பிறகு நூகுவை உள்ளே கூப்பிட்டார். கணையம் வீங்கித் தன்னையே தின்றுகொண்டிருக்கிறது, பிழைத்தாலும் பழையபடி இருக்க மாட்டாள் என்றார். நூகு கேட்டது ஒன்றுதான்.

“கத்தி இருந்துச்சுன்னாங்களே டாக்டர்.”

“இருக்கு. அளவெல்லாம் சரிதான். கூர் இல்லன்னு நெனைக்கிறேன். பொறக்கும்போதே அப்படி. அந்த கிட் கத்திய எண்ணும் பாய், கூர் பாக்காது.”

நூகு தன் வலதுகைக் கட்டைவிரலைப் பார்த்தார். அதன் நுனியில் கத்தி விளிம்புகள் கீறிக் கீறிக் காய்த்துப்போன தடம் இருந்தது. மொட்டைக் கத்தி வெட்டாது, நசுக்கும். அதைச் சொல்லிச் சொல்லியே ஊரில் பேர் வாங்கினவர் அவர். கையை மடக்கிக்கொண்டார்.

நுஸ்ரத் சாகவில்லை. கார்த்திகை முழுதும் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூக்கில் குழாய், வயிற்றில் குழாய். கணையத்தில் வெந்துபோன பகுதியை எடுத்தார்கள். சர்க்கரை ஏறிவிட்டது. இனி சாகிற வரைக்கும் இன்சுலின். ஜொஹரா ஒரு தடவை வந்து பார்த்தாள். நான்தான் திங்கச் சொன்னேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் வரவில்லை. ஜவஹர் அலிக்கு நாகூரில் பெண் பார்த்திருப்பதாகச் சேதி வந்தது. தேவிகாவை ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து எடுத்து, கீழே ரத்தம் எடுக்கிற கவுண்டரில் போட்டுவிட்டார்கள். நூகு அந்தப் பக்கம் போக நேர்ந்தால் அவள் குனிந்து டியூபில் பேர் எழுதிக்கொண்டிருப்பாள். எழுதி முடித்த பிறகும் நிமிரமாட்டாள்.

குழாயெல்லாம் எடுத்த பிறகு ஒருநாள், கமருன்னிசா கீழே மருந்து வாங்கப் போயிருந்தபோது, நுஸ்ரத் அவரிடம் பேசினாள். குரல் தேய்ந்திருந்தது.

“நானே அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம் வாப்பா.”

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“கேட்டா வேணாம்பாங்கன்னுதான் கேக்கல.”

அவர் அவள் காலடியில் உட்கார்ந்து போர்வையைச் சரிசெய்தார். ஏற்கெனவே சரியாக இருந்த போர்வை. அவள் அவரை மன்னிக்கிறாளா, பழியில் பங்குக்கு வருகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

வீட்டுக்கு வந்த பிறகு கமருன்னிசா தாளிப்புக் கரண்டியை மறுபடியும் பரணில் போடவில்லை. தெருக்குப்பையில் எறிந்தாள். நூகுவுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் பழையபடி ஆவி மட்டும் எழுந்தது.

நூகு கொஞ்ச நாள் வேலைக்குப் போகாமல் இருந்தார். அப்புறம் போனார். வேறு தொழில் தெரியாது. முதல் வேலை மேலவீதிப் பக்கம் ஒரு சுன்னத்து விருந்து. சேக் அலாவுதீன் வழக்கம்போல் கத்திகளை எடுத்து அவர் முன் நீட்டினார். நூகு வாங்காமல் அடுப்பு மூட்டப் போய்விட்டார். சேக் அலாவுதீன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. தானே ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

மாலையில் நூகு சந்து வழியாகக் கொல்லைக்கு வந்தார். குழாயைத் திறந்து வாளியை வைத்தார். சட்டையின் பொத்தானில் கை வைத்தவர் கழற்றாமல் நின்றார். அன்று ரம்பை இலையை வேண்டுமென்றே ஒரு மடங்கு கூடப் போட்டிருந்தார். கைலி முழுக்க நெய் தெறித்திருந்தது. காற்று கடலிலிருந்து வீட்டுப் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. டியூஷன் பிள்ளை ஒன்றுக்கு அவள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற குரல் கேட்டு, பிறகு நின்றது. வாளி நிரம்பி வழிந்தது.

“நுஸ்ரத்து” என்று கூப்பிட்டார். “இன்னைக்கு என்ன கூட, என்ன கம்மின்னு சொல்லும்மா.”

உள்ளே நோட்டுப்புத்தகம் மூடுகிற சத்தம் கேட்டது.

“ஒரு வாசனையும் வரல வாப்பா” என்றாள். “குளிச்சுட்டு வாங்க.”